பச்சைப் பெயிண்ட் தெறித்த கடிகாரம்

ராய்லி: ...மெதுவாடா தம்பி, என் வண்டி டேஷ்போர்டையே பேத்து எடுத்துடாத!

தைஸ்டோ: நீ சும்மா இரு அக்கா. பேட்டரி ஒயரைக் கழட்டுனியா, அதைச் சொல்லு.

ராய்லி: அப்பவே கழட்டியாச்சு. ஆமா... உன் ஷூ ஏன் இப்படி ஊறிக் கெடக்கு?

தைஸ்டோ: பனி உருகுற நேரம். ரோடெல்லாம் சகதி.

ராய்லி: வண்டியில வந்தவனுக்கு முட்டி வரைக்குமா சகதி?

தைஸ்டோ: அந்தத் திருப்புளியைக் குடு.

ராய்லி: வண்டி எங்கடா?

தைஸ்டோ: என் வண்டியைக் கடைகிட்ட நிறுத்திருக்கேன்... இந்த ஆஷ்ட்ரேயை எடுத்தாத்தான் பின்னாடி கை போகும். ஆங், வந்துருச்சு. என்னக்கா, கடிகாரத்து ஒயர் தனியாத் தொங்குது?

ராய்லி: வயசான வண்டி. என்னை மாதிரிதான், எல்லாம் தொங்குது.

தைஸ்டோ: ச்சீ! எப்ப நின்னுச்சு?

ராய்லி: கோடைக்கு ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வைக்கலாம்னு திருகுனேன். அதோட போச்சு.

தைஸ்டோ: ஸ்க்ரூ ஒண்ணு விழுந்துச்சே... எங்க?

ராய்லி: உன் இடது முட்டிக்குப் பக்கத்துல.

தைஸ்டோ: எங்க?

ராய்லி: அங்கதாண்டா... அதுமேலயே கையை வச்சுக்கிட்டுத் தேடுற!

தைஸ்டோ: உள்ள ஒரே இருட்டு.

ராய்லி: பட்டப்பகல்ல?

தைஸ்டோ: பேசாம அந்தத் துணியப் பிரி. மாத்துக் கடிகாரம் அதுலதான் இருக்கு.

ராய்லி: இது ஏது?

தைஸ்டோ: டோர்னியோ ஊருப் பக்கம் பழைய இரும்புக் கடையில கெடச்சுது. இதே மாடல் வண்டியில இருந்தது.

ராய்லி: இந்த மாடல் உங்கிட்ட ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணுதானே இருக்கு.

தைஸ்டோ: நம்ம ரெண்டு பேரைத் தாண்டி உலகமே இல்லையாக்கா?

ராய்லி: இருக்கு. அந்த உலகத்துலயும் உன்ன மாதிரி எவனாவது படகுக்கு வாங்குன பச்சைப் பெயிண்டை வண்டிக்குள்ள கவுத்தானா? இதோ பாரு, ஓரத்துல தெறிச்சிருக்கு. உன் வண்டி எங்கடா?

தைஸ்டோ: பழைய இரும்புக்கு உடைக்கக் குடுத்துட்டேன்.

ராய்லி: அன்னிக்குப் பனிமான் மேல இடிச்சதுக்கா? பம்பர்தானே நசுங்குச்சு! குறுக்க பாஞ்சுதுன்னு சொன்னியே...

தைஸ்டோ: பாயலக்கா. அது பாட்டுக்கு இடது பக்கத்துலருந்து நடந்து வந்துச்சு. நான்தான்... பாக்கல.

ராய்லி: ம்.

தைஸ்டோ: நேரா இருக்குறது தெரியுது. பக்கவாட்டுல ஒண்ணுமே தெரியல. இனிமே வண்டியே ஓட்டக் கூடாதுன்னுட்டாரு டாக்டர்.

ராய்லி: மர மில்லுல சொன்னியா?

தைஸ்டோ: சொல்லிட்டேன். ரம்பத்துகிட்ட விடல. பலகை அடுக்குறேன்.

ராய்லி: அவ்ளோ தூரம் நடந்தே போறியா?

தைஸ்டோ: காலு நல்லாத்தானே இருக்கு.

ராய்லி: மறுபடி குளிர்காலம் வந்தா?

தைஸ்டோ: வரட்டும், அப்பப் பாத்துக்கலாம்.

ராய்லி: விறைச்சுச் செத்தப்புறம் என்னத்தப் பாப்ப? எங்கிட்ட சொல்றதுக்கு என்ன வந்துச்சு உனக்கு?

தைஸ்டோ: சொன்னா தினம் கூட்டிட்டுப் போறேம்ப. உனக்கு அது சுத்து வழி.

ராய்லி: அதே மில்லு, அதே ஷிப்டு. காலையில அஞ்சரைக்கு உன் வாசல்ல ஹாரன் அடிப்பேன். வெளிய வரலைன்னா உள்ள வந்து இழுத்துட்டுப் போவேன்.

தைஸ்டோ: ...சரி. கடிகாரத்தைப் பொருத்தியாச்சு, போய்ப் பேட்டரி ஒயரை மாட்டு.

ராய்லி: மாட்டிட்டேன்! ஓடுதா?

தைஸ்டோ: ஓடுதுக்கா. இந்தப் பழசைத் தூக்கிப் போட்டுடவா?

ராய்லி: போட்டுடாத, அது நல்லாத்தான் ஓடும். போன வாரம் நீ ரோட்டோரமா நடந்து போறப்ப, பக்கத்துலயே வண்டியை நிறுத்தி கையாட்டினேன். நீ பாக்கவே இல்ல. வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்து ஒயரை நான்தான் பிடுங்கி விட்டேன்... சும்மா வாடான்னா வருவியா நீ?