பழைய காடிக்குப் புது கேஸு

இல்ல தம்பி, நாற்காலியெல்லாம் வேணாம், இந்த டயரு மேலயே ஒக்காந்துக்குறேன். நீங்க வேலையப் பாருங்க. தேத்தண்ணியா? சொல்றதுன்னா கோசோங் சொல்லுங்க. எனக்கு இனிப்புநீர் இருக்கு, சீனி ஆகாது.

ஆமா, தொண்ணூறாம் வருஷத்து காருதான், பழைய காடி. ஏசியத் தொறந்தா அடுப்படி மாரி சூடா வருது. இதுல ஓடுற பழைய கேஸு, பன்னெண்டாம் நம்பரு, இப்ப எங்கயும் கெடைக்கிறதில்லயாமே. புதுசுக்கு மாத்தணுமாம், நூத்தி முப்பத்து நாலு. சிரிக்காதீங்க. தோட்டத்து ஸ்கூல்ல ஆறாவதோட நின்னவதான் நான். எம் மக சாந்தினி போன்ல பாத்துப் படிச்சுச் சொன்னா. ஒரு தடவ இல்ல, எத்தனையோ தடவ. சாமி பாட்டு மாரி மனப்பாடம் ஆயிருச்சு.

யாரு அனுப்புனாங்களா? யாரும் அனுப்பலலா. ஈப்போவுல ஏசி போர்மேன்னா ஜெயபாலன்தான்னு சொல்றாங்க. மத்த கடையில ஒரு நாள் பூரா இழுக்குறத நீங்க ஒரு மணி நேரத்துல முடிச்சிருவீங்களாம்.

அந்தச் சின்ன ரப்பர் வளையம்லாம் மாத்தலையா தம்பி? இல்ல, புது கேஸுக்குப் பச்சக் கலர்ல வேற வளையம் வருமாம், பழசே இருந்தா ஒழுகுமாம், எம் மக படிச்சா. ஓ, பழசே நல்லா இருக்கா. சரி சரி. எண்ணெயும் அப்படியேவா? நீங்க சொன்னா சரிதான், நான் என்ன கண்டேன்.

அது என்னா, மூலையில இருக்கே, காத்த உறிஞ்சுற பம்பா? மேல எட்டுக்கால் பூச்சி கூடு கட்டியிருக்கு பாருங்க. பாவம், கலைக்காதீங்க.

இந்தக் காடியா? மூணு மாசம் தேடுனேன். சிலிம் ரிவர்ல ஒரு ரிட்டையர் வாத்தியார் வீட்டுல தார்ப்பாய் போட்டு மூடிக் கெடந்துச்சு. புதுக் காடி வாங்கிக்கங்கம்மான்னு சாந்தினி கத்துறா. எனக்கு இதே வருஷம்தான் வேணும், இதே சாம்பல் கலருதான் வேணும்னுட்டேன். ஓட்டுறதும் நான்தான். அம்பத்தெட்டு வயசுல லேசன் எடுத்தேன், மூணு தடவ பெயிலு. நாலாவது தடவ அந்த மலாய்க்கார ஆபிசரு என் மூஞ்சியப் பாத்துட்டு, மாக்சிக், எங்க போறதுக்கு இவ்வளவு அவசரம்னாரு. ஒரே ஒரு எடத்துக்குத்தான் ஐயான்னு சொன்னேன்.

இங்கதான் தம்பி. வேற எங்க.

அந்தக் கேஸு தோம்புல பேரே எழுதலையே. மொட்ட வெள்ளையா இருக்கு. நூத்தி முப்பத்து நாலுதானே? சத்தியமாவா? ஐயோ, சத்தியம்லாம் வேணாம், இன்னிக்கி வெள்ளிக்கெழம. சும்மாக்கும் பண்ணக் கூடாது.

முடிஞ்சிருச்சா? அதுக்குள்ளயா? அட, ஆமா, சில்லுனு வருதே. ஐஸு மாரி. எம் மகனும் இதே வார்த்ததான் சொன்னான்.

இருங்க, காசு எங்கயும் போயிராது. மொதல்ல சாமிக்கி ஒரு சூடம் காட்டிட்டுத்தான் காடிய எடுப்பேன். பாத்தீங்களா, ஸ்டீரிங் பக்கத்துல முருகன ஒட்டி வச்சிருக்கேன். அந்தப் பக்கம் ஏறி ஒக்காருங்க. வேல செஞ்ச கை பக்கத்துல இருக்கணும். ரெண்டே நிமிஷம். எண்ணெச் சட்டையா? பரவால்ல, ஏறுங்க. கதவ நல்லா இழுத்துச் சாத்துங்க, காத்தடிச்சா சூடம் நிக்காது. அந்தக் கைப்பிடி கொஞ்சம் முரண்டு புடிக்கும், உள்ளேருந்து லேசுல தொறக்காது. நான் தொறந்து விடுறேன், பயப்படாதீங்க.

எம் மகன் ஷர்வின். உங்க வயசு இருக்காது, இருபத்தொம்போது. பத்து காஜா ரோட்டுல, தோட்டத்த அழிச்சுத் தாமான் கட்டுனாங்களே, அங்கதான் வீடு. அவங்கப்பா விட்டுட்டுப் போன காடி, இதே மாரி. போன வருஷம் தீபாவளிக்கி ரெண்டு வாரம் முன்ன, வியாழக்கெழம சாயந்தரம், ஏசிக்கிக் கேஸு போட்டுட்டு வந்தான். அம்மா, ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டாரும்மா அந்த அண்ணேன்னான்.

ராத்திரி பூரா காடி ஜன்னல் சாத்தி நின்னுச்சு. விடியக்காலையில மழை. ஏறி ஒக்காந்தான், கதவச் சாத்துனான். நான் அடுப்படியில இருந்தேன். சத்தம் கேட்டு ஓடியாந்தா...

என்னப் பாருங்க தம்பி. கதவப் பாக்காதீங்க.

தீயணைக்கிற பொம்பாக்காரங்க உங்ககிட்ட வந்து கேட்டாங்கள்ல? நூத்தி முப்பத்து நாலுதான் போட்டேன்னு சொன்னீங்க. அது நெருப்பு புடிக்காத கேஸாம். அப்ப தீ எங்கேருந்து வந்துச்சு? காடி பின்னால புல்லு வெட்டுற மிஷினுக்கு வாங்குன பெட்ரோல் போத்தல் இருந்துச்சு. அவனுக்கு நிச்சயம் பண்ணுன பொண்ணு வேணாம்னு போயி மூணு வாரம். பக்கத்து வீட்டு பழனியப்பன் வேற, கையில தீப்பெட்டியோட ஒக்காந்திருந்தான், கண்ணால பாத்தேன்னுட்டாரு. சிகரெட்டு தொடாத புள்ளக்கி ஏது தீப்பெட்டின்னு போலீஸ் பாலாய்ல கேட்டாங்க. எல்லாத்தையும் கூட்டிப் பாத்து, அவனே வச்சிக்கிட்டான்னு முடிச்சிட்டாங்க. கருமக்கிரியைக்கி வந்தவங்க என் மூஞ்சியப் பாக்கல. பெத்தவளுக்குக் கூடவா தெரியாமப் போச்சுன்னு முதுகுக்குப் பின்னால பேசுனாங்க.

அதான் கேக்க வந்தேன். நீங்க போட்டது நெருப்பு புடிக்காத கேஸுன்னா, எம் புள்ள சாகணும்னு ஒக்காந்திருக்கான். அடுப்பு கேஸு மாரி எதையாச்சும் போட்டு, அது உள்ள ஒழுகி நின்னுச்சுன்னா, அவன் சூடம் காட்டப் போயிருக்கான். வெள்ளிக்கெழம தம்பி அன்னிக்கி. இது ஒன்னுதான் எனக்குத் தெரியணும். இது தெரியாம என்னால வெளக்கேத்த முடியல.

சரி. இந்தா, சூடம் வச்சாச்சு. இதோ தீப்பெட்டி. லேசா ஒரு வாடை வருதுல்ல? அடுப்பு கேஸு தோம்பு மாத்துறப்ப வருமே, அந்த வாடை. எனக்கு மட்டுந்தான் வருதா? நீங்க சத்தியம் பண்ணப் பாத்தீங்களே, நூத்தி முப்பத்து நாலுன்னு. அப்ப பயமே இல்ல. ரெண்டு பேரும் கண்ண மூடிக் கும்புடுவோம். ஏன் வேர்க்குது உங்களுக்கு, இவ்வளவு குளுருல?

முருகா...

தம்பி! கைய விடுங்க, வலிக்குது. அந்தக் கைப்பிடிய அப்படி ஆட்டுனா வராது, மேல தூக்கி இழுங்க. ஆங். எறங்குங்க, மெதுவா. விழுந்துராதீங்க.

எஞ்சின அணைச்சிட்டேன். பாருங்க, பெட்டிக்குள்ள ஒரு குச்சி கெடயாது. கோசோங். காலையில எல்லாத்தையும் எண்ணெ வெளக்கு முன்னால கொட்டிட்டுத்தான் கெளம்புனேன். நான் யாரையும் சாகடிக்க வரல.

அழுவாதீங்க. ஆம்பள ரோட்டோரத்துல ஒக்காந்து அழுதா நாலு பேரு பாப்பாங்க. உங்க தேத்தண்ணியக் குடிங்க, ஆறிப்போச்சு.

அப்ப அவன் சாமிதான் கும்பிட்டிருக்கான். ம். சாமிதான்.

அந்தப் பொண்ணு போனதுலேருந்து அவன் சாமி ரூம்பு பக்கமே வரல தம்பி. அன்னிக்கிக் காலையிலயும் நேரமில்லம்மான்னான். வெள்ளிக்கெழமயும் அதுவுமா சூடம் காட்டாம காடிய எடுப்பியான்னு வாசல் வரைக்கும் பின்னாடியே போயி ஏசுனேன். நான்தான் அவன் சட்டப் பையில தீப்பெட்டிய வச்சேன். கதவச் சாத்திக்கடா, காத்துல அணைஞ்சிரும்னும் சொன்னேன். பாலாய்ல கேட்டப்ப எனக்கு வாயே வரல. சாந்தினிக்கிக் கூட இன்னும் தெரியாது.

மூஞ்சியக் கழுவிட்டு வாங்க. கடைய அப்படியே போட்டு வைக்கலாம், ஒன்னும் ஆவாது. ஜன்னல் நாலையும் தொறந்து வச்சிட்டேன், ஏசி வேணாம். பாலாய்க்கி நான்தான் ஓட்டுவேன். நீங்க கேஸச் சொல்லுங்க, நான் தீப்பெட்டியச் சொல்றேன்.