பூவாத்தாளின் ஊசிப்பிடி

அவைக்கு அழகூட்டும் தலைவர் அவர்களே! ஆன்ற பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்த அன்னையர்களே! சர்க்கரையைத் துறந்தும் சிரிப்பைத் துறக்காத நீரிழிவுத் தோழர்களே! கொழிஞ்சாம்பாறை இரும்புக்கடை ஜப்பாரின் பணிவான வணக்கம்!

நம் பூவாத்தாளைத் தெரியாதவர் உண்டா? அவர் வாய் திறந்தால் வண்டிமாடும் நின்று கேட்கும்! அவருக்கு நீரிழிவு, காலைதோறும் இன்சுலின். பார்வை மங்கியது, கண்ணாடி ஊசிக்குழாயின் அளவுக்கோடுகள் மறைந்தன. கம்பவுண்டர் வந்து ஊசி போடும்வரை கஞ்சி உண்டா? காட்டு வேலை உண்டா? வாசல் தாண்டிய பயணம் உண்டா?

சென்ற ஆண்டு, சாந்தன்பாறை ஏலத்தோட்டத்திலிருந்து சேதி வந்தது. மகளுக்கு நிறைமாதம்! பம்பு எஞ்சின் பழுதுபார்க்கும் அண்ணன் ஆறுச்சாமியிடம் ஓடினார்.

"ஏனுங்ணா, அங்க ஊசி போட ஆருமில்லீங்களே. புள்ள தனியாப் பெத்துக்கோணுமா?"

"அழுவாத ஆத்தா. கோடு தெரியலீன்னா கைக்குத் தெரியற மாதிரி பண்ணீரலாம்."

பூவாத்தாளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் கத்தரீனாள் அளவு சொன்னார். ஆறுச்சாமி பித்தளையில் ஒரு பிடி செய்தார். குழாயை அதில் பொருத்தி உள்தண்டை இழுத்தால், உரிய அளவில் 'டக்' என்று நின்றுவிடும்!

யாரங்கே, "பித்தளை ஆரு கடையதுங்க?" என்பது? என் கடையதுதான் ஐயா! வேறெங்கே?

வெற்றி உடனே வந்ததா? இல்லை! டாக்டரம்மா வெறும் தண்ணீரை இழுத்துப் பார்த்தார். தண்டை நிறுத்தும் திருகு நழுவியது, அளவு மிஞ்சியது.

"மருந்தா இருந்தா இந்நேரம் மயங்கி விழுந்திருப்பா, ஆறுச்சாமி."

ஆறுச்சாமி விடுவாரா? தங்கையின் உயிரல்லவா! திருகுக்கு மேல் இன்னொரு பூட்டுத்திருகு வைத்தார். இழுத்தார்கள், கொதிக்க வைத்தார்கள், மீண்டும் இழுத்தார்கள். திருகு அசையவில்லை!

பூவாத்தாள் பஸ் ஏறினார். மலையேறினார். மறுநாள் காலை, மகள் கண்ணை மூடிக்கொள்ள, தம் ஊசியைத் தாமே போட்டுக்கொண்டார்!

"பயப்படாத கண்ணு. அம்மா வந்துட்டனல்லோ."

பேத்தி பிறந்தாள். முதல் குளியல் பூவாத்தாளின் கையால்!

தோழர்களே! பார்வை மங்கினால் பயணம் நிற்க வேண்டுமா? நோய் வந்தால் வீடு சிறையாக வேண்டுமா? வேண்டாம், வேண்டவே வேண்டாம்!

அகளியிலிருந்து வந்திருக்கும் சங்கையா அவர்களே, உங்களுக்கும் கோடுகள் தெரிவதில்லையாமே? மேடைக்கு வாருங்கள்! ஆறுச்சாமி செய்த இரண்டாவது பிடி இதோ. அளவு, உங்களுக்கென்று டாக்டரம்மா வைத்தது. பழக்கித் தரப் பூவாத்தாள் காத்திருக்கிறார். கைதட்டுங்கள்! பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி, வணக்கம்!