தேய்க்காத கல்

கல்லைக் காலையில் தேய்ப்பதுதான் நல்லது. வெயில் ஏறிவிட்டால் பாசி காய்ந்து கல்லோடு ஒட்டிக்கொள்ளும்; பிறகு என்ன தேய்த்தாலும் மேலே இருப்பதுதான் போகும், வேர் போகாது. பாசிக்கு வேர் கிடையாது என்று பிற்பாடு வகுப்பில் சொன்னார்கள். ஆனாலும் எனக்கு வேர் என்றுதான் சொல்ல வருகிறது.

நீங்கள் கேட்டதற்கு இது பதில் இல்லை என்று தெரியும், சார். அத்தானைப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். நான் வந்தது அது விஷயமாகத்தான். ஆனால் கல்லில் தொடங்கினால்தான் மற்றது ஒழுங்காக வரும். எனக்குக் கோவையாகப் பேச வருமா என்பதில் எப்போதும் சந்தேகம் உண்டு. தப்பாகச் சொன்னால் நிறுத்திக் கேளுங்கள்.

எங்கள் ஊரைப் பார்த்திருப்பீர்கள். ஒரே தெரு, தகரக் கூரைகள், இரண்டு பக்கமும் தேசியப் பூங்கா, தெரு முடிகிற இடத்தில் அருவி. மரம் வெட்டக் கூடாது, மாடு மேய்க்கக் கூடாது. அதனால் ஊரில் எல்லோருக்கும் ஒரே பிழைப்பு: வருகிறவர்களுக்கு எதையாவது காட்டுவது. ஒருவன் சிறுத்தையின் கால்தடம் காட்டுவான். பெரும்பாலும் அது அவன் வீட்டு நாயின் தடம். பார்க்க வருகிறவர்களும் அதற்குத் தகுந்தவர்கள்தான். ஒரு அம்மாள் என்னிடம் அருவியை எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள் என்று கேட்டார். இருட்டியதும் நிறுத்திவிடுவோம் என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அருவிக்குப் பக்கத்தில் இருக்கும் விடுதி எங்களுடையது. அப்பாவுக்குப் பிறகு அக்காவும் நானும் நடத்தினோம். அடுப்படியும் அறைகளும் அக்கா பொறுப்பு. விடுதியிலிருந்து அருவிக்கு இறங்கும் படிகள் என் பொறுப்பு. ஓயாமல் சாரல் அடிக்கிற இடம், சும்மா விட்டால் சீக்கிரமே வழுக்கும். கம்பி பிரஷ்ஷும் ஒரு வாளி சுண்ணாம்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு தினமும் இறங்குவேன். படிகளில் யாரும் விழுந்ததில்லை. விழாத வரைக்கும் அதை ஒரு வேலை என்று யாரும் நினைப்பதில்லை.

அத்தான் எங்கள் விடுதிக்கு விருந்தாளியாக வந்தவர். மண் சரிந்து பாதை அடைபட்டதால் தங்கினார். பாதை திறந்த பிறகும் போகவில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டார். நல்ல குரல், நல்ல சட்டை, ஒரு கிளாஸ் தண்ணீரைக்கூடத் தானே எடுத்துக் குடிக்க மாட்டார். ஊர்க்காரர்கள் எல்லோரையும்விட அவருக்குக் காட்டத் தெரிந்தது. தன்னையே காட்டினார்.

படிகளின் முடிவில் தடுப்புக் கம்பி இருக்கிறது. அதற்கு அப்பால் ஒரு தட்டைக் கல் பள்ளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். மேடைக்கல் என்று அதற்குப் பெயர் வைத்தது அத்தான்தான். கம்பியைத் தாண்டக் கூடாது என்று பலகை உண்டு. வனக்காவலருக்கு எங்கள் விடுதியில்தான் காலைச் சாப்பாடு, அதனால் பலகையைப் படிக்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. அத்தான் கல்லில் ஏறி, பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, ஒற்றைக் காலில் நின்று கைகளை விரிப்பார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

"பயம்னா என்னன்னே எனக்குத் தெரியாதுங்க. பொறக்கும்போதே வாங்காம வந்துட்டேன்" என்பார். தினமும் அதே வசனம், அதே இடத்தில் ஒரு நிறுத்தல். தினமும் கைதட்டல்.

அந்தக் கல்லையும் நான்தான் தேய்த்தேன். அவர் வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தது என் பிரஷ்.

கைதட்டல் ஓய்ந்ததும், படியில் குனிந்திருக்கிற என்னைக் காட்டுவார். "இவன் என் மச்சான். பேரு பாசி. பாசியோட பொறந்து பாசியோட வளர்ந்தவன். நாளைக்குத் தாலி கட்டுறதும் அதுக்குத்தான்." சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் ஊரே என்னைப் பாசி என்று கூப்பிட்டது. பூங்கா அலுவலகத்தில் ஊர்க்காரர்களுக்காக நடந்த மாலை வகுப்பில் நான் சேர்ந்தபோது, "பாசிக்கே பாசியப் பத்திப் பாடமா? மீனுக்கு நீச்சல் சொல்லித் தர்ற கதையால்ல இருக்கு" என்றார். வனக்காவலர் சாப்பாடு புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளக்கூடும். அந்தச் சொல்லை நானும் பலமுறை யோசித்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. நமக்கு மேலே இருக்கிறவர்களைப் பார்த்துத்தானே பொறாமை வரும்.

மழைக்காலத்தில் பூங்காவையும் அருவியையும் மூடிவிடுவார்கள். அந்த முறை மூடியதும், அந்த ஒரு கல்லைத் தேய்ப்பதை மட்டும் நிறுத்தினேன். படிகளை வழக்கம்போலத் தேய்த்தேன். வேலையில் குறை வைக்கிறவன் இல்லை. புளித்த பாலைத் தண்ணீர் விட்டு ஊற்றினால் பாசி நன்றாகப் பிடிக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் மற்றவர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் முழு நம்பிக்கை வரவில்லை, அதனால் அடுப்படிக்குப் பின்னால் கிடந்த ஒரு கல்லில் முதலில் ஊற்றிப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

விருந்தாளிகள் இல்லாத காலம். பால் மிஞ்சும்.

"டேய், இது புளிச்சுப் போச்சு. கொட்டிடு" என்றாள் அக்கா.

"நான் எடுத்துக்கிறேன்க்கா."

"எதுக்குடா?"

"செடிக்கு."

"பால் குடிக்கிற செடியா? பாத்துடா, ஒரு நாள் ம்மான்னு கத்தப் போகுது."

அன்றிலிருந்து மிஞ்சிய பாலை அவளே ஒரு தூக்கில் ஊற்றி, மூடி போட்டு, ஜன்னல் ஓரம் வைத்தாள். நான் மறந்துவிட்டால் "உன் கன்னுக்குட்டி பசியில இருக்கும், போ" என்று விரட்டுவாள். என்ன செடி என்று கேட்கவே இல்லை. அவளுக்கு என்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. இதை அவளைப் பற்றிக் குறையாகச் சொல்லவில்லை.

பாசி பச்சையாக வளர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். அதனால் மேலே துளிர்த்ததை விரலால் கிள்ளி எடுத்துவிட்டு, வழவழப்பை மட்டும் விட்டுவைத்தேன். பார்ப்பதற்கு வெறும் ஈரக் கல். பொறுமையான வேலை. அத்தான் அந்த நாட்களில் கட்டிலில் படுத்துக்கொண்டு புதிய வசனம் யோசித்துக்கொண்டிருந்தார்.

அருவி திறந்த அன்று நல்ல கூட்டம். எல்லோரும் வழுக்குகிற செருப்போடு வந்திருந்தார்கள். அத்தான் கம்பிக்கு அருகில் போனார். கூட்டத்தில் ஒரு பெண், "உங்க வீட்டம்மா ஏற மாட்டாங்களா? வீரமெல்லாம் உங்களோட சரியா?" என்று கேட்டுவிட்டாள். அவருக்கு அது போதும். "ஏன் ஏற மாட்டா? இன்னைக்கு மொதல்ல எங்க வீட்டு மகாராணிதான்" என்று விடுதியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தாள். ஒரு நாளும் அந்தக் கம்பியைத் தாண்டாதவள்.

நான் ஏன் கத்தவில்லை என்றுதானே அடுத்து கேட்கப் போகிறீர்கள். கத்தலாம் என்று நினைத்தேன். ஆனால் அக்கா மெலிந்தவள், மெதுவாகக் கால் வைக்கிறவள். அவளுக்கு வழுக்கும் அளவுக்குப் பாசி பிடித்திருக்கிறதா என்று எனக்கே உறுதியில்லை. நான் கத்தி, அவள் சும்மா நின்றுவிட்டு இறங்கி வந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். "பாசிக்கு உயிரே போயிடுச்சு பாருங்க" என்பார் அத்தான். அந்த வருஷம் முழுக்க அதுதான் வசனம்.

அவளுடைய இரண்டாவது கால் கல்லில் பட்டதும் எனக்கு உறுதியாகிவிட்டது.

கூட்டம் முதலில் கைதட்டியது, சார். அதுவும் வேடிக்கையின் பகுதி என்று நினைத்தார்கள்.

கைப்பேசியில் எடுத்த படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் அத்தானின் கை அக்காவின் முதுகில் இருக்கிறது. தள்ளிவிட்டான் என்று ஊரே சொல்கிறது. நேற்றுவரை கைதட்டிய ஊர். இப்போது கம்பிக்குப் பக்கத்தில் நின்று, கொலைகாரன் இங்கேதான் நின்றான் என்று வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். வனக்காவலர்தான் கூட்டத்தை வரிசையில் விடுகிறார். படத்தை இன்னொரு தரம் பாருங்கள். அது தள்ளுகிற கை இல்லை, பிடிக்கப் பார்த்த கை. அதையும் அவருக்குச் சரியாகச் செய்ய வரவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். ஒழுங்காகச் சொல்வதாகச் சொன்னேன், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

கம்பியைத் தாண்டுவதற்கு முன் அக்கா நின்றாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. படியில் பிரஷ்ஷோடு நின்ற என்னைத் தேடினாள்.

"தம்பி, கல்லத் தேச்சுட்டியாடா? நீ தேச்சிருந்தா ஏறுறேன்."

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவள் அவள் ஒருத்திதான். அத்தனை பேருக்கு முன்னால் கேட்டாள். கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. அத்தானும் பார்த்தார், அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தேய்க்கவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

"தேச்சுட்டேன்க்கா" என்றேன்.

அவ்வளவுதான். எனக்கு யார்மேலும் கோபமில்லை. அவருக்கு நல்லது செய்ய வந்தேன் என்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதியதில் அவர் பெயர் இருக்கிற இடத்தில் என் பெயரைப் போடுங்கள், பாசி என்று போடாதீர்கள், முழுப் பெயரையும் போடுங்கள். அந்தக் கல்லில் அவர் ஒரு நாளும் ஒரு வேலையும் செய்ததில்லை.