அறுபத்து நான்கு ஆபத்துகள்

சிவகாசிப் பேருந்து நிலையத்தின் குடிநீர்த் தொட்டியில் ‘தண்ணிர்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். அதைத் திருத்தக் கோரி நகராட்சிக்கு மூன்று விண்ணப்பங்கள் அனுப்பினேன். நான்காவதை எழுதி முடிப்பதற்குள் யாரோ ஏணியுடன் வந்து மேலே ஒரு சுழி போட்டுவிட்டுப் போனார். குறை எங்கே கண்டாலும் அதை எழுத்தில் தெரிவிக்கும் வழக்கம் உடையவன் நான் என்பதைத் தாங்கள் அறிந்திருந்தால், பின்வருவனவற்றைப் படிக்க எளிதாக இருக்கும்.

தங்கள் காவல் நிலைய எழுத்தர் நேற்று, “நீங்க வாயால சொல்லுங்க சார், நான் எழுதிக்கிடுறேன்” என்றார். அவர் எழுதியதை வாங்கிப் பார்த்தேன். முதல் வரியிலேயே ஐந்து பிழைகள். ஆகவே நானே எழுதுகிறேன்.

என் பெயர் சீனிவாசகம். விருதுநகரில் ஒரு பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து, 1961-இல் ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பின், நாரணாபுரத்தை ஒட்டிப் பட்டாசு ஆலை வைத்திருந்த தனுஷ்கோடி என்பவரிடம் கடிதங்கள் எழுதித் தரும் பணியில் சேர்ந்தேன். 1963-ஆம் ஆண்டு வைகாசியில் அவர் என்னை அழைத்தார்.

“சார், கம்பெனியில எங்கன எங்கன ஆபத்து இருக்குன்னு ஒரு லிஸ்ட் போட்டுத் தரணும். லைசென்ஸ் அதிகாரி கேக்காரு. நமக்குத் தெரிஞ்சதெல்லாம் வெடிச்ச பொறவு தெரிஞ்சதுதான். வெடிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கிட ஏதாச்சும் வழி இருக்கா?”

வழி இருந்தது. அதை நானே வகுத்தேன். ஆலையின் ஒவ்வொரு வேலையையும் தனியே எடுத்துக்கொண்டு, அதை அன்றாடம் செய்பவர்களை எதிரே நிறுத்தி, ஆறு கேள்விகள் கேட்டேன். இது கூடினால் என்ன ஆகும்? குறைந்தால்? இல்லாமற் போனால்? தலைகீழாக நடந்தால்? இதனுடன் வேறொன்று கலந்தால்? இதற்குப் பதிலாக வேறொன்று வந்தால்? விடைகளில் தீங்கு விளைவிப்பன எவையோ அவற்றை மட்டும் எழுதிக்கொண்டேன். இதைவிட முறையான வழி வேறெங்கும் இருப்பதாக நான் இன்றுவரை அறியவில்லை.

முதல் நாள் எல்லாரும் சிரித்தார்கள். மருந்து கலக்கும் பகுதிக்குக் கருப்பணன் பொறுப்பு. “கூடினால்?” என்று நான் கேட்டதும், “கூடுனா பரலோகம், கொறஞ்சா புஸ்வாணம் ஐயா” என்றான். “இல்லாமற் போனால்?” என்றேன். “மருந்தே இல்லாட்டி வீட்டுல போயிப் படுத்துக்கிடலாமே” என்றான். மரக் கரண்டிக்குப் பதிலாக இரும்புக் கரண்டி வந்தால் என்று கேட்டபோது மட்டும் அவன் சிரிக்கவில்லை. “வந்துச்சுய்யா. எங்க மச்சான் கொண்டாந்தான். அவன் கருமாதி முடிஞ்சுதான் மறுபடி மரக் கரண்டி வாங்குனோம்.” அதை ஏழாவது ஆபத்தாகக் குறித்துக்கொண்டேன்.

அவன் மனைவி ஆவுடைத்தாய், பிசைந்த மருந்தைச் சிறு கட்டிகளாக வெட்டித் தட்டுகளில் காயவைக்கும் பிரிவில் இருந்தாள். ஆறு கேள்விகளுக்கும் ஒழுங்காக விடை சொன்னாள். முடிந்தது போகலாம் என்றபோது அவள் போகவில்லை.

“ஐயா, காயாட்டின்னு நீங்க கேக்கவே இல்லியே.”

“வெயில் குறைந்தால் என்று கேட்டேன். அதில் இது அடங்கும்.”

“கொறஞ்சாக் காயாது, அது சரி. காயாததக் குமிச்சு ரெண்டு நா போட்டு வச்சா? உள்ள கைய விட்டா எருக்குழி கணக்காச் சுடும். மூத்திர வாடை வேற குப்புன்னு அடிக்கும். போன சீசன்ல அடிச்சுச்சு. நானும் மூக்கம்மாக்காளும் அள்ளிப் பரப்பி விட்டோம், ஆறிப்போச்சு. அன்னைக்கு நாங்க பாக்கலைன்னா என்ன ஆயிருக்கும்?”

“ஏட்டி, ஐயாகிட்டப் பேசுற பேச்சா இது?” என்றான் கருப்பணன்.

“வாடைக்கு வேற பேரு வச்சா நாறாதாக்கும்” என்றாள் அவள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. நீர் நெருப்பை அணைக்கும். நீர்பட்ட மருந்து தானே சூடேறும் என்பது என் அறிவுக்கு ஏற்புடையதாக இல்லை. மேலும் அந்தச் சொல், பார்வைக்கு வைக்கப்படும் ஒரு பட்டியலில் இடம்பெறத் தக்கதன்று. இவற்றுக்கும் மேலாக, பட்டியல் அப்போது அறுபத்து நான்கில் முடிந்திருந்தது. பத்திக்கு முப்பத்திரண்டு வீதம் இரண்டு பத்திகள். அறுபத்தைந்தாவது ஒன்று வந்தால் ஒரு பத்தி மட்டும் கீழே நீண்டு தொங்கும். இந்த உரையாடல் நடந்தது ஆகஸ்டு ஏழாம் நாள் என்று என் நாட்குறிப்பில் உள்ளது. கையெழுத்துப் படியை அச்சகத்தில் கொடுத்தது ஆகஸ்டு பத்தொன்பது.

அச்சு மிக நன்றாக வந்தது. நான்கு வண்ணம், சுற்றிலும் தாமரைக் கொடி, அடியில் என் பெயர். தனுஷ்கோடி அதைக் கைநீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “சாமி படத்துக்குப் பக்கத்துலயே மாட்டலாம் சார்” என்றார். செப்டம்பர் பதினாறு, திங்கட்கிழமை, மதுரையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து அதைத் திறந்து வைப்பதாக ஏற்பாடாயிற்று. பட்டியலை முதலிலிருந்து இறுதிவரை நான் உரக்கப் படிக்க வேண்டும் என்பது அதிகாரியின் விருப்பம். முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் படித்ததை எழுந்து போக முடியாதவர்களே கேட்டிருக்கிறார்கள். விரும்பிக் கேட்க ஒருவர் வருவது அதுவே முதல்முறை.

அதற்கு முந்தைய வெள்ளியும் சனியும் மழை. வெட்டிய கட்டிகள் நீளக் கொட்டகையில் தட்டுகளில் ஈரமாகவே இருந்தன. விழாவுக்கு நாற்காலிகள் போட அந்த ஒரு கொட்டகைதான் உண்டு. சனிக்கிழமை மாலை, தட்டுகளில் இருந்தவற்றையெல்லாம் சாக்குகளில் கட்டி, கோடியில் உள்ள வைப்பறையில் அடுக்கும்படி கருப்பணனிடம் சொன்னேன். அவன் தயங்கினான். முதலாளி சொன்னதாகச் சொன்னேன். கேட்டிருந்தால் முதலாளியும் அதையே சொல்லியிருப்பார்.

ஆவுடைத்தாய் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “குமிக்காதீக ஐயா. அன்னைக்கே சொன்னேன்ல. எங்கனயாச்சும் பரப்பி வைக்கச் சொல்லுங்க.”

“ஞாயிறு ஒரு நாள்தானே” என்றேன்.

திங்கட்கிழமை காலை, சிப்பம் கட்டும் அறையை விருந்தினரின் சிற்றுண்டிக்கு ஒதுக்கினோம். அங்கே வேலை செய்த பெண்களை, வைப்பறையை ஒட்டிய அறைக்கு மாற்றினேன். மருந்து வைப்பறையைத் தொட்ட அறையில் ஆட்களை இருத்தலாகாது என்பது பட்டியலில் முப்பத்தொன்றாவது. அதை நான் மறக்கவில்லை. சீசன் நேரம், லோடு போக வேண்டியிருந்தது, வேறு இடமும் இல்லை.

ஒன்பதே முக்கால் மணிக்கு அதிகாரியின் ஜீப் சாலையில் தெரிந்தது. அப்போது ஆவுடைத்தாய் முற்றத்தைக் குறுக்கே கடந்து என்னிடம் வந்தாள். ஓடி வந்தாள் என்றே சொல்ல வேண்டும். ஆலைக்குள் ஓடலாகாது என்பது நான்காவது.

“சாக்கு சுடுதுய்யா. வாடை சுவத்துக்கு இங்கிட்டு வரைக்கும் வருது. உள்ள இருக்க பொம்பளப் பிள்ளைகள வெளிய அனுப்புங்க.”

“விழா முடியட்டும்.”

“முடிஞ்ச பொறவு யாரு இருப்பா? அப்பன்னா அந்த அதிகாரி ஐயாகிட்டயே நான் சொல்லிக்கிடுறேன்.”

அவளை, வைப்பறையை ஒட்டிய அந்த அறைவரை நானே அழைத்துச் சென்றேன். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. உள்ளே இருந்த நால்வருடன் அமர்ந்து வேலையைப் பார்க்கும்படி சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

பத்தேகாலுக்கு வைப்பறை வெடித்தது. அதற்கு முன் ஓட்டின் இடுக்கு வழியாக ஒரு நிமிடத்துக்கும் மேலாகப் புகை வந்ததாகப் பலரும் சாட்சியம் அளித்தனர். மற்ற அறைகளில் இருந்தவர்கள் அந்த நேரத்தில் வெளியே ஓடித் தப்பித்தார்கள். ஒட்டிய அறையில் இருந்த ஐவரும் இறந்தார்கள். ஆவுடைத்தாய் அவர்களில் ஒருத்தி. சுவரில் மாட்டியிருந்த பட்டியலின் கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை.

அந்த அறையின் கதவு முற்றத்தில் கிடந்தது. வெளித் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. ஆள் உள்ளிருக்கையில் கதவை வெளியே தாழிடலாகாது என்பது பட்டியலில் முதலாவது. எனவே விசாரணை முழுவதும் தாழ்ப்பாளைப் பற்றியதாகவே அமைந்தது.

அந்த வரிசைக் கதவுகளுக்குப் பொறுப்பு யார் என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள். கருப்பணன் என்றேன். சாக்குகளை அடுக்கியது யார்? கருப்பணன். முதல் விதி அவனுக்குத் தெரியுமா? நானே மூன்று முறை படித்துக் காட்டியிருக்கிறேன். இவற்றில் ஒன்றுகூடப் பொய்யன்று. ஆவுடைத்தாய் என்னிடம் ஏதேனும் சொன்னாளா என்று எவரும் கேட்கவில்லை. கேள்விகளை முறையாக அமைக்கத் தெரியாதவர்கள் விசாரணை நடத்தினால் இப்படித்தான் முடியும். கருப்பணனுக்கு இரண்டாண்டுச் சிறை கிடைத்தது.

மறு ஆண்டு பட்டியலின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. “உலராத கலவையைக் குவித்து வைப்பின், அது தானே வெம்மையுற்று நவச்சார நெடி வீசும், உடனே ஆட்களை அகற்றுக” என்பதை அறுபத்தைந்தாவதாகச் சேர்த்தேன். எண்ணிக்கை ஒற்றைப்படையாக நின்றதால், ஆலைக்குள் வெற்றிலை எச்சில் துப்பலாகாது என்பதை அறுபத்தாறாவதாக வைத்தேன். பத்திகள் சமமாயின. இந்தப் பதிப்பை வேறு பல ஆலைகளும் கேட்டு வாங்கின. இரண்டு இடங்களில் நெடியை முகர்ந்து ஆட்களை வெளியேற்றியதாகக் கடிதம் வந்தது. விருதுநகரில் ஒரு கூட்டத்தில், அறுபத்தைந்தாவதைக் கண்டறிந்தமைக்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

சென்ற வியாழக்கிழமை கருப்பணன் என் வீட்டுக்கு வந்தான். விடுதலையாகிச் சில மாதங்கள் ஆகின்றனவாம். உட்காரச் சொன்னேன், வாசற்படியின் கீழேயே நின்றான்.

“சாப்பிட்டீகளா ஐயா?” என்று என்னைக் கேட்டான்.

“ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அந்தத் தாப்பாள நாந்தான் போட்டேனா?”

“போடவில்லை என்று நீதானே நீதிமன்றத்தில் சொன்னாய்.”

“சொன்னேன். அப்ப நெசமா அப்படித்தான் தெரிஞ்சுச்சு. உள்ள இருந்து நெனச்சு நெனச்சு, இப்ப என் கை போட்ட மாதிரியே இருக்கு. அந்த இரும்பு குளுந்து இருந்ததுகூட ஞாபகம் வருது. மக கட்டிக்குடுத்த ஊர்ல இருந்து வர மாட்டேங்கிறா. ஆத்தாளப் பூட்டிக் கொன்னவன்ங்கிறா. போடலைன்னு முந்தியெல்லாம் சத்தியம் பண்ணுவேன். இப்ப அவகிட்ட எப்பிடிப் பண்ணுறதுன்னு தெரியல. ஒங்களுக்கு எல்லாம் எழுதி வச்சு ஞாபகம் இருக்குமே. நான் போட்டத நீங்க பாத்தீகளா?”

தீர்ப்பு வந்துவிட்ட ஒன்றைப் பற்றிப் பேசுவது முறையன்று என்று சொல்லி அனுப்பினேன். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அவன் போனபின் எனக்கு வேலை ஓடவில்லை. பரிவு என்று தாங்கள் எண்ணிவிட வேண்டாம். அவன் ஒரு பிழையான விடையை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான். கண்ணெதிரே நிற்கும் பிழையைத் திருத்தாமல் விடுவது என்னால் இயலாது; குடிநீர்த் தொட்டியைப் பற்றி முதலிலேயே சொன்னேன். எனவே தங்கள் நிலையத்துக்கு வந்தேன். திருத்தம் பின்வருமாறு.

கருப்பணன் அந்தத் தாழ்ப்பாளைத் தொடவில்லை. அந்த நேரத்தில் அவன் வாயிலில் மாலையுடன் நின்றுகொண்டிருந்தான். ஆவுடைத்தாயை உள்ளே அனுப்பிய பின், அவள் மீண்டும் முற்றத்துக்கு வந்து அதிகாரியிடம் வாடைக்கு அவள் வைத்திருந்த அந்தச் சொல்லைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, தாழ்ப்பாளை நான் போட்டேன். தாழ்ப்பாள் மட்டுந்தான், பூட்டவில்லை. விழா முடிந்ததும் திறந்துவிட எண்ணியிருந்தேன். நான் இருபத்தெட்டாவது ஆபத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து கதவைத் தட்டும் ஒலி கேட்டது. அதிகாரி தலையைத் திருப்பினார். நான் குரலைச் சற்று உயர்த்திக்கொண்டேன். முப்பத்தொன்றாவதைப் படித்து முடிக்க முடியவில்லை.

இந்த வாக்குமூலத்தின் படி ஒன்றைக் கருப்பணனின் மகளுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். எழுத்தரைக் கொண்டு படியெடுக்க வேண்டாம். தேவையான படிகளை நானே எழுதித் தருகிறேன்.

எனக்குரிய தண்டனை எதுவாயினும் ஏற்பேன். ஆனால் ஒன்றைத் தாங்கள் கருத்திற்கொள்ள வேண்டும். ஆவுடைத்தாய் விவரம் அறிந்தவள். அச்சுக்குப் போகுமுன்பே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் கட்டாயம் சேர்த்திருப்பேன்.