சத்தியநேசனின் இடது கால்

காலையில் எனக்கு இரண்டு இட்லிக்கு மேல் இறங்காது, இன்ஸ்பெக்டர். ஆனால் அதற்குள் நான்கு ரிப்போர்ட் எழுதிவிடுவேன். ஸ்ரீவராகத்தில் என் வீட்டு வாசலில் எலும்பு மருத்துவர் ஜெயந்த் என்று போர்டு தொங்கினாலும், நான் மாவுக்கட்டு போட்டுப் பத்து வருஷமாகிறது. வேலையில் அடிபட்டவர்களைப் பரிசோதித்து, நஷ்டஈட்டு வழக்குக்காக எத்தனை சதவீதம் ஊனம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தருகிறேன். கம்பெனிக்குச் சிறிய எண்கள் பிடிக்கும். எனக்கு வட்டமான எண்கள் பிடிக்கும். பூஜ்யத்தில் இரண்டு பேருக்கும் திருப்தி.

சத்தியநேசன் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குபவர். முதுகில் அரிசி மூட்டைகள் சரிந்து ஆறு மாதம் படுத்திருந்துவிட்டு, மனைவி சுசீலாபாயோடு வந்தார். நடந்து வரும்போதே இடது செருப்பு கழன்று வாசலில் கிடந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

"சாரே, காலு எனக்க பேச்சக் கேக்கல்ல" என்றார்.

"வீட்ல யாருமே நம்ம பேச்சக் கேக்கறதில்ல. கால் மட்டும் கேக்குமா?" என்றேன். சிரித்தார். நல்ல மனிதர்.

பாதத்தைத் தூக்கச் சொன்னேன். தொங்கியது. 'ஊனம் இல்லை. சுமை தூக்கலாம், ஏணி ஏறலாம்' என்று எழுதினேன். முந்தின மாதம்தான், யாருக்கோ முப்பது சதவீதம் எழுதிய டாக்டர் ஸ்ரீகுமாருக்குக் கம்பெனி கேஸ் அனுப்புவதை நிறுத்தியிருந்தது. பாவம், இப்போது அவர் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்.

சத்தியநேசனின் வழக்கு தள்ளுபடியானது. என் ரிப்போர்ட்டைப் பார்த்து முதலாளி அவரை வேலைக்குக் கூப்பிட்டார். மூன்றாவது வாரம், ஆரியசாலைக் கிடங்கில் மூட்டையோடு ஏணி ஏறியவர் மேலிருந்து விழுந்து இறந்துபோனார்.

கணவர் சாவுக்கு நஷ்டஈடு கேட்டு சுசீலாபாய் வழக்குப் போட்டார். கம்பெனி மறுபடி என்னைக் கேட்டது. 'இறந்தவரின் இடது பாதம் முன்பே செயலிழந்திருந்தது. அதை மறைத்து ஏணி ஏறியது அவர் தவறு' என்று எழுதிக் கொடுத்தேன்.

கோர்ட்டில் சுசீலாபாயின் வக்கீல் ராஜஸ்ரீ இரண்டு ரிப்போர்ட்டையும் அடுத்தடுத்து வாசித்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். வராந்தாவில் சுசீலாபாய் வழிமறித்தார்.

"சாரே, அவருக்க காலு நல்லா இருந்துதா, இல்லியா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர், எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கால் செத்துப்போயிருந்தது முதல் நாளே எனக்குத் தெரியும். ஏறினால் விழுவார் என்பதும் தெரியும். ஆனால் ஏறலாம் என்றுதான் எழுதினேன். ஏறு என்று எழுதவில்லை.