வசனத்தில் இல்லாத பதில்

மணவிழா மேடைக்குத் தலைமையேற்று மலர்ந்த முகத்தோடு வீற்றிருக்கும் தையற்கடை ஐயா அவர்களே! அவை நிறைத்திருக்கும் ஆன்றோர்களே! அழுகிற பிள்ளையை அணைத்தபடி என் பேச்சையும் பொறுத்துக்கொள்ளும் அன்புத் தாய்மார்களே! என் நாடகக் குழுவின் செல்லங்களே! அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

இதோ அமர்ந்திருக்கும் மணமக்களை என் நாடகத்தில் காதலர்களாக்கியவன் நான். மணமகள் பூட்டுக்கடைக்காரர் மகள். மணமகன் பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரர் மகன். அப்பாக்களுக்குள் ஏழாம் பொருத்தம்! ஒருவர் பெயர்ப்பலகை மற்றவர் கடையை மறைத்ததாம். பலகையா மறைத்தது? பகையல்லவா மறைத்தது!

நாடகத்திலும் அதே கதைதான். பகைக் குடும்பங்கள், பார்த்தவுடன் காதல். ஒத்திகையில் இந்தப் பெண் வசனத்தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

"சார், பாத்த அன்னைக்கே உயிரக் குடுப்பேங்கறான், இவளும் நம்பிடறா. எனக்கு வாயில வரமாட்டேங்குது."

முதல்நாள்தான் மாப்பிள்ளைத் தம்பி அவளிடம் நிஜமாகவே மனத்தைத் திறந்திருந்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? "தோன்றுவதை மேடையிலேயே கேளம்மா" என்றேன்.

அரங்கேற்ற மாலை. முதல் வரிசையின் இரு ஓரங்களில் இரண்டு அப்பாக்கள், கீரியும் பாம்புமாக! அவள் கேட்டாள்:

"இது நெஜமா, இல்ல வீட்டுல வேணாம்பாங்கன்னு வந்த வீம்பா? எங்கப்பா சத்தம் போட்டா நிப்பியா, ஓடுவியா?"

'உனக்காக மலையையும் புரட்டுவேன்' என்பது நான் எழுதிய வசனம். தம்பி சொன்னானா? வசனத்தையே விட்டுவிட்டான். பிறகு மெல்லச் சொன்னான்:

"உங்கப்பாவ நெனச்சாலே கால் நடுங்குது. ஆனா ஓட மாட்டேன். நெஜமா இல்லையான்னு நீயே பாத்துக்கோ. அவசரமில்ல, காத்திருக்கேன்."

பூட்டுக்கடைக்காரர் எழுந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று திரையை இறக்கச் சொல்லிவிட்டேன்! சிரிக்காதீர்கள் அம்மா, என் இடத்தில் இருந்திருந்தால் தெரியும்! அவரோ நேரே எதிர் ஓரத்துக்கு நடந்தார்.

"என்னங்க, உங்க பையன் மேடையிலகூடப் பொய் சொல்ல மாட்டேங்கறானே?"

"அது அவங்கம்மா வளர்ப்பு. உங்க பொண்ணு மட்டும்? லேசுல நம்பறாளா?"

"அது என் வளர்ப்பு!"

பகை உடைந்தது. ஆனால் அவள் ஐயம் உடைந்ததா? இல்லை! கேள்வி கேட்டாள்; கோபித்தாள்; பேசாமலும் இருந்து பார்த்தாள். அவன் நின்றான். மழை போய், கோடையும் போய், ஒரு மாலை கடை ஷட்டரை இழுத்தபடி அவளே கேட்டாளாம்: "எப்ப கல்யாணம்?" நம் மாப்பிள்ளை மயங்கி விழாத குறை!

அன்பர்களே, ஐயம் காதலுக்கு எதிரியா? ஐயத்தை அடக்குவதுதான் எதிரி! அச்சத்தை ஒளிப்பதுதான் எதிரி! மகளே, இனியும் கேள். மகனே, இனியும் உண்மையே சொல். உங்கள் வாழ்வுக்கு வசனம் எழுத நான் யார்? நீங்களே பேசி, நீங்களே வாழுங்கள்!

பசியையும் பொறுத்துச் செவி தந்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. மணமக்கள் வாழ்க! வணக்கம்!