திருநீறு வைக்க மாஸ்க்

மலேசியாவின் சபாக் ஊர்க் கிளினிக்கில் மருந்துக்காகக் காத்திருந்தேன். முன் வரிசையில் மாஸ்க் போட்ட ஒரு பெரியவர். அவர் குடியிருக்கும் எஸ்டேட் தோட்டத்து அம்மா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்.

"வீட்டுல சாமி கும்பிடவும் மாஸ்க்காண்ணே? உங்க மருமக சொல்லிச் சிரிக்கிறா."

"சிரிக்கட்டும் லா."

"சாமிக்குச் சளி பிடிச்சிருமா?"

"சாமிக்கு இல்லம்மா. உங்க அண்ணி படத்துக்குத் திருநீறு வைக்கிறப்ப மட்டும்."

அந்தம்மா சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"கிட்னிக்கு ரத்தம் சுத்தம் பண்ணப் போற நாள்ல எல்லாம் நான்தான் அவளுக்குத் திருநீறு வெச்சு அனுப்புவேன். கண்ணுல விழாம நெத்தியில ஊதியும் விடுவேன். ஒருநாள் எனக்குக் காய்ச்சலும் இருமலும். சோப்பு போட்டுக் கையைக் கழுவிட்டுத்தான் வெச்சேன். ஊதக் கூடாதுன்னு தோணல. பழக்கம். அவளுக்கும் காய்ச்சல் வந்துச்சு. நெஞ்சுல சளி கட்டிப் போயிட்டா."

"ரத்தம் சுத்தம் பண்ணக் கூட்டிட்டுப் போற வேன்ல எத்தனை பேரோட போனாங்க. அங்க ஒட்டியிருக்கும்ணே."

"இருக்கலாம். டாக்டரும் அப்படித்தான் சொன்னாரு."

அந்தம்மா மெதுவாகக் கேட்டார்.

"படத்துக்கு என்னண்ணே ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது. எனக்கும் தெரியும்மா. ஆனா திருநீறு வெச்சதும் வாய் தானா குவியுது. மாஸ்க் போட்டிருந்தா அந்த மூச்சு என்கிட்டயே நின்னுடுது."